ரீயூனியன் தீவில் இருக்கும் சிநேகிதரைப் பார்க்கப் போவது: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியிலோ கல்முனையிலோ நின்று ரீயூனியன் என்று சொன்னால், "அது எங்க கிடக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அங்கே வேலை செய்கிற, அல்லது கல்யாணம் முடித்துக் குடியேறிய சிநேகிதர் ஒருவர் "வா மச்சான், வந்து பார்" என்று கூப்பிட்டுவிட்டால் கேள்விகள் இன்னும் கூடும். நான் அப்படி ஒரு சிநேகிதர் கூப்பிட்டதால் போனவன். திரும்பி வந்ததிலிருந்து ஊரில் கேட்கப்பட்டவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன். வீசா விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நேரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அது எந்த நாடு? எவ்வளவு பெரிய இடம்?

பிரான்ஸ். 1946 முதல் பிரான்சின் கடல் கடந்த மாவட்டங்களில் ஒன்று. பாரிஸில் ஓடும் சட்டம்தான் பெரும்பாலும் அங்கேயும், காசும் யூரோதான். ஆனால் இடம் இந்து சமுத்திரம்: மடகஸ்காருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர், மொரிசியஸுக்குப் பக்கத்தில். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், அதாவது மட்டக்களப்பு மாவட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அங்குள்ளவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கூப்பிடும்போது நீங்கள் இராச்சாப்பாட்டில் இருப்பீர்கள்.

வீசா கஷ்டமா?

கஷ்டம் என்பதைவிட, வேலை அதிகம். அதில் பாதி வேலை உங்கள் சிநேகிதர் தலையில் விழுகிறது. அதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ரீயூனியன் பிரான்சுக்குச் சொந்தம் என்றாலும், ஒரே வீசாவோடு பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் வலயத்துக்குள் இல்லை. ஐரோப்பாவுக்கு எடுத்த ஷெங்கன் வீசாவை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. பிரான்சின் கடல் கடந்த பகுதிகளுக்கென்று தனியாக ஒரு குறுகியகால வீசா உண்டு, அதற்குக் கொழும்பில் விண்ணப்பிக்க வேண்டும். மறுபக்கமும் அப்படித்தான்: ரீயூனியனுக்கு எடுத்த வீசாவோடு பாரிஸில் மாமி வீட்டை எட்டிப் பார்க்க முடியாது.

ஹோட்டலில் தங்காமல் சிநேகிதர் வீட்டில் தங்குவதென்றால், அவர் தன் ஊர் நகரசபைக்குப் போய் ஒரு வரவேற்புச் சான்று எடுக்க வேண்டும். பிரெஞ்சில் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்பார்கள், நகரசபையில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வீட்டில் இன்னொரு ஆள் படுக்க இடமிருக்கிறதா என்பதெல்லாம் பார்ப்பார்கள். முத்திரைக் கட்டணம் அவர்தான் கட்ட வேண்டும், மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. கிடைத்த சான்றின் மூலப்பிரதியை உங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும், படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் சரிவராது. உங்களிடம் செலவுக்குக் காசு இல்லாமல் போனால் தான் பொறுப்பு என்றும் அவர் அதில் கையெழுத்து வைக்கிறார். அதனால் "ஒரு கடிதம் போட்டுவிடு மச்சான்" என்று இலேசாகக் கேட்காதீர்கள்.

உங்கள் பக்கத்தில்: திரும்பி வரும் டிக்கெட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்குக்கூற்று, ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கான அத்தாட்சி. அரசாங்க வேலை என்றால் லீவு அனுமதிக் கடிதம். வயல் செய்பவர் என்றால் காணி உறுதியும், நெல் விற்ற காசு வங்கியில் விழுந்த கணக்கும் உதவும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுங்கள்.

படகில் கூட்டிப் போகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். போகலாமா?

வேண்டாம். 2018, 2019 காலத்தில் இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்தது உண்மை. பலர் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்மை. காணியை அடகு வைத்துக் கட்டிய காசு மட்டும் திரும்பவில்லை. இந்தப் பக்கத்தில் உள்ளதெல்லாம் வீசாவோடு போய் வீசாவோடு வருகிறவர்களுக்கு.

எந்த வழியாகப் போவது?

கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் இல்லை. மொரிசியஸ் வழி பிடிபட்டால் அதுதான் நல்லது, அங்கிருந்து முக்கால் மணித்தியாலத்தில் போய் இறங்கிவிடலாம். பாரிஸ் வழி என்றால் ஐரோப்பாவுக்கு ஏறிப் போய், திரும்பவும் பதினொரு மணித்தியாலம் தெற்கே இறங்க வேண்டும். அதைவிட முக்கியம், இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் பாரிஸ் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே ஓர் இடைத்தங்கல் வீசா எடுக்க வேண்டும். பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி இன்னொரு விமான நிலையமான ஓர்லியில் ஏற வேண்டிய டிக்கெட் என்றால் முழு ஷெங்கன் வீசாவே தேவை. மலிவான டிக்கெட் என்று கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த மாதிரித்தான் இருக்கும்.

எந்த மாதம் நல்லது?

மே தொடங்கி ஒக்டோபர் வரை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். இங்கே கச்சான் காற்று முகத்தைச் சுடுகிற அந்த நாட்களில், அங்கே எரிமலை மேட்டில் விடியப்புறம் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும். கடற்கரையில் ஒரு சேர்ட்டோடு திரியலாம். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பீர்கள் என்பதால் தடித்த ஜக்கெட் ஒன்று கட்டாயம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். தீவு இவ்வளவு பச்சையாக இருப்பதற்குக் காரணமும் இந்த மழைதான். 1966 ஜனவரியில் அங்கே ஒரு மேட்டில் 24 மணித்தியாலத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலக சாதனை அது, மட்டக்களப்பில் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். காற்று மோதும் கிழக்குக் கரை எப்போதும் நனைந்து கிடக்கும், மலைக்கு மறைவான மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். ஒரு மணித்தியாலக் கார்ப் பயணத்தில் இரண்டு வேறு ஊருக்குப் போன மாதிரி இருக்கும்.

சூறாவளி எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என்று ஏறும். சிவப்பு அறிவித்தால் வீட்டை விட்டு வெளியே வரத் தடை. ஊதா என்றால் அம்புலன்ஸ், தீயணைப்புக்காரர்கூட உள்ளேதான். 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி வந்தபோது ஊதா வரை போனது. 1978 சூறாவளியைக் கண்ட நம் ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

எரிமலைக்குப் பக்கத்தில் இருப்பது பயமில்லையா?

அம்மாமார் கேட்கும் கேள்வி இது. என் அம்மாவும் கேட்டார்.

தீவில் இரண்டு பெரிய மலைகள். பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர், இந்து சமுத்திரத்துத் தீவுகளிலேயே உயரமானது. அது ஓய்ந்து பல ஆயிரம் ஆண்டுகள். உயிரோடு இருப்பது தென்கிழக்கில் உள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி கக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. சில காலம் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கக்கும், சில காலம் சும்மா கிடக்கும்.

ஆனால் கக்குவதிலும் வகை இருக்கிறது. இந்தோனேசியாவில் ஊரையே சாம்பலாக மூடும் மலைகளின் குழம்பு பிசுபிசுப்பானது. உள்ளே வாயு அடைபட்டு ஒரேயடியாக வெடிக்கும். ரீயூனியனில் வருவது இளகிய பசால்ட் குழம்பு. வாயு எளிதாக வெளியேறிவிடும், குழம்பு பொங்கல் பானை வழிவதுபோல வழிந்து இறங்கும். மலையைச் சுற்றி லாட வடிவில் பெரிய மதில் போன்ற பாறைச் சுவர் இருக்கிறது, கடல் பக்கம் மட்டும் திறந்தபடி. குழம்பு பெரும்பாலும் அதற்குள்ளேயே ஓடி நின்றுவிடும், இல்லாவிட்டால் கடலில் போய் விழும். மலையடிவாரத்தில் ஓர் ஆய்வுநிலையம் இருந்து ஒவ்வொரு அதிர்வையும் கணக்கெடுக்கிறது. அறிகுறி தெரிந்ததும் உள்ளே போகும் பாதையைப் பூட்டிவிடுவார்கள்.

மதிலைத் தாண்டியதும் உண்டு. 1977இல் சென் ரோஸ் பக்கத்து ஊருக்குள் குழம்பு இறங்கி வீடுகளை விழுங்கியது. தேவாலய வாசல்வரை வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து போனது. இப்போதும் அங்கே பூசை நடக்கிறது. சுவரோடு ஒட்டிக் கறுப்புப் பாறை உறைந்து நிற்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். நம்பிக்கை உள்ளவர் அற்புதம் என்கிறார்கள். என் சிநேகிதர் ஒரு பொறியியலாளர், தரையின் சரிவு என்கிறார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

இந்தத் தீவைக் கட்டிய அதே வெப்பப் புள்ளிதான் (பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலேறிக் குழம்பைக் கக்கவைக்கும் இடம்) ஏறத்தாழ 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் தக்காணத்துப் பாறைப் படுக்கைகளையும், பிறகு மாலைதீவின் அடித்தளத்தையும் கட்டியது. நிலத்தட்டு வடக்கே நகர நகர, புள்ளி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

எரிமலையைக் கிட்டப் பார்க்கலாமா?

பார்க்கலாம், இரண்டு விதமாக.

முதலாவது மேலிருந்து. இருட்டோடு காரில் கிளம்பி மேட்டு நிலத்தைக் கடந்தால் மரங்கள் குட்டையாகி, பற்றையாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போகும். செம்மண் நிறத்தில் பெரிய வெளி, ப்ளேன் தெ சாப்ல் என்று பெயர். அதைத் தாண்டினால் பாறைச் சுவரின் விளிம்பு. அங்கிருந்து படிக்கட்டில் கீழே இறங்கி, பாறையில் வெள்ளை மை பூசிய அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். முதலில் வரும் சிறிய சிவப்புக் கூம்பு வரை போய்த் திரும்ப யாராலும் முடியும். உச்சிவாய் வரை என்றால் போய்வர ஐந்து மணித்தியாலம். 2007இல் அந்த வாயின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது, விளிம்பில் நின்று பார்த்தால் அந்தப் பள்ளம் தெரியும்.

காலின் கீழ் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஓரிடத்தில் குழம்பு முறுக்கு முறுக்காக உறைந்து கண்ணாடிபோல் மினுங்கும், இரண்டு அடி தள்ளிச் சப்பாத்தைக் கிழிக்கும் கூர்க்கற்களாகக் கிடக்கும். செருப்போடு போகக்கூடாது என்பதற்கு அந்த இரண்டு அடி போதும். ஒன்பது, பத்து மணிக்குள் முகில் ஏறிவிடும், பிறகு முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாது.

இரண்டாவது கடலோர வீதி. கிரான் புரூலே என்ற இடத்தில் பிரதான வீதி பழைய குழம்பு ஓட்டங்களை வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆண்டு எழுதிய பலகை. பலகையை வைத்தே காடு எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கலாம். புதியதில் சாம்பல் நிறப் பாசி மட்டும், அதைவிடப் பழையதில் வெடிப்புக்குள் பன்னம், இன்னும் பழையதில் மரமே நிற்கும். மேலே ஏற முடியாத வயதானவர்களுக்கு இதுவே போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். நெருப்பு ஓடுவதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். நீங்கள் நிற்கும் நாட்களில் மலை கக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

சிநேகிதர் வேலைக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வது?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது என்பேன், ஆனால் கேட்கிறவர் குறைவு. ஊருக்கு ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தால் நாம் வேலையைப் போட்டுவிட்டு அவரோடு அலைவோம். அங்கே உங்கள் சிநேகிதருக்கு அப்படி முடியாது. அவருடைய லீவு நாட்கள் எண்ணிக்கையில் உள்ளவை. போகும் முன்பே எந்த நாட்கள் அவர் உங்களோடு, எந்த நாட்கள் நீங்கள் தனியே என்று கதைத்து வைத்துவிடுங்கள். எரிமலைப் பயணத்தை அவர் லீவு நாளில் வையுங்கள், காரில்லாமல் அது நடக்காது.

தனியே இருக்கும் நாட்களில் கார் ஜோன் என்ற மஞ்சள் பஸ் கரையோரம் முழுக்க ஓடுகிறது. பின்னேரத்தோடு குறைந்துவிடும், ஞாயிறு இன்னும் மோசம். சென் போல் சந்தை வெள்ளியும் சனி காலையும். சந்தையில் முருங்கையிலையும் கறிவேப்பிலையும் பச்சை மஞ்சளும் கிடைக்கும். வாங்கி வந்து ஒரு நாள் நீங்கள் சமைத்து வையுங்கள். வேலை முடிந்து வருகிறவருக்கு மீன் குழம்பு வாசம் வாசலுக்கு வந்தால், எந்தப் பரிசும் அதற்குக் கிட்ட வராது.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே கூப்பிட்டாலும் போங்கள். அந்தத் தீவில் ஞாயிறு என்றால் குடும்பம் குடும்பமாகப் பானை சட்டியோடு வெளியே கிளம்பி, மர நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவது. சோறு, அவரைப் பருப்பு, கறி, பச்சை மிளகாய்ச் சம்பல். மழை தூறினால் தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுவார்கள்.

கார் வாடகைக்கு எடுத்து நானே ஓடலாமா என்பவர்களுக்கு: சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வீதியின் வலப்பக்கம் ஓட வேண்டும். சிலாவோஸ் மலைப்பாதையில் நானூறு வளைவு என்பார்கள், அதை முதல் நாளில் முயற்சிக்க வேண்டாம்.

அங்கே தமிழர் இருக்கிறார்களாமே? தமிழில் கதைக்கலாமா?

தமிழ் வழிவந்தவர் நிறைய. தமிழ் கதைப்பவர் மிகக் குறைவு.

1848 டிசம்பர் 20இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். 1860இலும் 1861இலும் பிரிட்டனோடு செய்த உடன்பாட்டுக்குப் பிறகு அது பெருகியது, 1882இல் பிரிட்டன் நிறுத்தியது. பிரான்ஸ் இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை என்றாலும், மக்களில் கால்வாசிக்குக் கிட்ட இவர்கள் வழி என்பது வழக்கமான மதிப்பீடு. கடைப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி, வேங்கடசாமி எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும். சென் அந்த்ரே நகர மேயராகவும் செனட்டராகவும் இருந்த ஜான் போல் விராபுல்லே அந்தப் பரம்பரை.

நம் பக்கத்து ஆட்கள் ஆச்சரியப்படுவது கோயில்களில்தான். பழைய சீனி ஆலைகளுக்குப் பக்கத்தில் காளி, மாரியம்மன், மதுரை வீரன், முனீஸ்வரன். பாண்டியாலே என்று அவர்கள் கும்பிடும் அம்மன் நமது திரௌபதை. பாண்டிருப்பில் பார்ப்பதுபோலவே விரதம், பாரதக் கதை, கடைசியில் தீமிதிப்பு. மஞ்சள் உடுப்போடு வரிசையில் நிற்பவர்கள் பிரெஞ்சுக் கிரியோலில் பேசிக்கொண்டு நிற்பார்கள். குழிக்குக் கிட்டப் போனதும் பேச்சு நின்றுவிடும். தேவாரம், தாலாட்டு எல்லாம் ரோம எழுத்தில் எழுதிப் பாடமாக்கியவை. தைப்பூசக் காவடி சென் அந்த்ரேயில் பெரிதாக நடக்கும்.

ஒரு வேண்டுகோள். அவர்களிடம் "தமிழ் தெரியாதா?" என்று பரிதாபமாகக் கேட்காதீர்கள். மொழி போன பிறகும் ஒன்றரை நூற்றாண்டு நெருப்பை விடாமல் மிதித்தவர்கள். அதே குடும்பம் காலையில் தேவாலயத்துக்கும் பின்னேரம் கோயிலுக்கும் போவதைக் கண்டும் புருவம் உயர்த்த வேண்டாம்.

ஹலால் சாப்பாடு கிடைக்குமா?

காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறைச் சகோதரர்கள் கேட்பது. தாராளமாகக் கிடைக்கும். குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் அங்கே பழைய சமூகம். தலைநகர் சென் தெனியில் 1905இல் திறந்த நூர்-எ-இஸ்லாம் பள்ளிவாசல் இன்றும் நகர நடுவில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது 'ரூகாய் சோசீஸ்' என்ற தொத்திறைச்சிக் கறியை. ஊர் முழுக்க விற்கும், வழக்கமாகப் பன்றியிறைச்சி. சமோசாவிலும் உள்ளே என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

கடலில் குளிக்கலாமா?

பாசிக்குடா நினைப்பில் இறங்காதீர்கள். சுறாத் தாக்குதல்களால் 2013 முதல், பவளப்பாறைக்கு உள்ளே உள்ள களப்புகளையும் காவலர் நிற்கும் இடங்களையும் தவிர மற்ற இடங்களில் குளிக்கத் தடை. மேற்குக் கரையில் லெர்மிதாஜ் களப்பு பாதுகாப்பானது.

நோய், மருந்து?

நுளம்பு. 2005, 2006இல் தீவின் மூன்றில் ஒரு பங்கு மக்களைச் சிக்குன்குன்யா படுக்கையில் போட்டது, 2025இல் திரும்பவும் பரவியது. நமக்குப் பழகிய எலிக்காய்ச்சலும் அங்கே உண்டு, சேற்றில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். அவசரத்துக்கு 15 அல்லது 112.

என்ன கொண்டு போகலாம்?

தயிர் முட்டி கொண்டு போகலாமா என்று கேட்டவர் உண்டு. முடியாது. பால் பொருட்கள், இறைச்சி, பழம், விதை, கன்று எல்லாம் விமான நிலையத்தில் பறிபோகும். மருதமுனைச் சாரமோ கைத்தறிச் சேலையோ கொண்டு போங்கள், பாரம் குறைவு, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சிநேகிதர் உண்மையில் எதிர்பார்ப்பது அவருடைய அம்மா தந்துவிடும் அரைத்த மிளகாய்த்தூள் பொட்டலமாக இருக்கலாம். அதை நன்றாக அடைத்து, மேலே பெயர் எழுதி, பைக்குள் மேலாக வையுங்கள்.

செலவு?

கூட. கடைச் சாமான்களில் பெரும்பகுதி பிரான்சிலிருந்து கப்பலில் வருகிறது. வெளியே ஒரு நேரச் சாப்பாட்டை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பசி போய்விடும். தங்குவது சிநேகிதர் வீடு என்றால், சந்தைச் செலவையும் பெற்றோலையும் நீங்கள் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

வனிலா. 1841இல் எட்மொன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியை இந்தத் தீவில்தான் கண்டான். உலகம் இன்றும் அவன் முறையில்தான் வனிலா வளர்க்கிறது. அவன் ஏழையாகவே செத்தான். சந்தையில் வாங்கும்போது காய் எண்ணெய்ப் பசையோடு, விரலில் சுற்றினால் உடையாமல் வளைகிறதா என்று பாருங்கள். உடைந்தால் காய்ந்த சரக்கு, அடுத்த கடைக்குப் போங்கள்.